பக்கத்துப் பள்ளியில் ஒரு மாதம்

ரவாங் ரயில் நிலையத்தின் மேடையில் விடியற்காலை வேளையில், தெற்கே கோலாலம்பூருக்குச் செல்லும் வண்டியை எதிர்நோக்கி ஒருபுறமும் வடக்கே தஞ்சோங் மாலிமுக்குச் செல்லும் வண்டியை எதிர்நோக்கி மறுபுறமும், தோளில் கனத்த பையும் கையில் சுருட்டிய மணிலா அட்டைகளுமாக நிற்கும் இளைஞர்களையும் யுவதிகளையும் நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தெற்கே லெம்பா பந்தாயில், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில், ஆசிரியர் கல்விக் கழகத்தின் அனைத்துலக மொழிகள் வளாகம் இருக்கிறது. வடக்கே, மலாய் ஆசிரியர்களுக்கென்று 1922இல் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இன்று கல்விப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஊரில் வாழ்ந்து, ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆங்கில ஆசிரியனாக இருந்து, பயிற்சிக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு வழிகாட்டி ஆசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில், அவர்களுள் ஆங்கிலம் கற்பிக்கப் பயில்பவர்களைக் குறித்து என் உள்ளத்தில் நெடுநாளாக இருந்து வரும் ஒரு விஷயத்தை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வகுப்பை நினைவுகூர்ந்து தொடங்குகிறேன். கிளந்தானிலிருந்து வந்திருந்த ஒரு மலாய் யுவதி, புகுமுக வகுப்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பப் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பும் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். புகுமுக வகுப்பு என்பது தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வந்து, இடைநிலைக் கல்விக்கு முன் ஓராண்டு மலாய் மொழியில் தேர்ச்சி பெறும் பிள்ளைகளின் வகுப்பு. இயற்பெயர் முன்னே, குடும்பப் பெயர் பின்னே என்று புத்தகத்தில் இருந்தபடியே அவர் கரும்பலகையில் எழுதினார். ஒரு தமிழ்ச் சிறுவன் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தன் தந்தையின் பெயரை எழுதினான். ஒரு சீனச் சிறுமி, கடைசியில் வருவதுதானே குடும்பப் பெயர் என்று கருதி, மூன்றெழுத்துகளாக எழுதப்படும் தன் பெயரின் கடைசி எழுத்தை அங்கே இட்டாள். அவளுடைய குலப்பெயரோ முதலெழுத்தாக நின்றது. தமிழ்ச் சிறுவன் எழுதியது சரியா, தவறா என்று கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளை எழுந்தபோது, அந்த ஆசிரியை ஒரு கணம் திகைத்து நின்றதை நான் கண்டேன். ஏனெனில், தம் பெயருக்கும் 'பிந்தி' என்ற சொல்லுக்கும் பின்னால் இருப்பது தந்தையின் பெயரே அன்றிக் குடும்பப் பெயர் அன்று என்பதும், தமக்கே குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதும் அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்தது.

அவர் செய்தது இன்றளவும் என் மனத்தைவிட்டு அகலவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனக்கு யார் பெயர் வைத்தார்கள், எதற்காக அந்தப் பெயரை வைத்தார்கள், வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்திலே சொல்லும்படி கேட்டார். நட்சத்திரத்திற்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்று பாட்டி பிடிவாதம் பிடித்த கதை ஒன்று வந்தது. ஒரே தலைமுறையைச் சேர்ந்த அண்ணன் தங்கையர் அனைவருக்கும் நடுவெழுத்து ஒன்றாக அமையும் சீன வழக்கம் வந்தது. அடையாள அட்டையில் 'மகன்', 'மகள்' என்பதைக் குறிக்கும் மலாய்ச் சொற்களின் சுருக்கம் ஏன் தமிழர் பெயரின் நடுவில் கோடிட்டு எழுதப்படுகிறது என்ற கேள்வியும் வந்தது. ஆண்டு முழுவதும் வாயைத் திறவாதிருந்த பிள்ளைகள் அன்று பேசினார்கள். இலக்கணப் பிழைகள் மலிந்த பேச்சுத்தான். ஆயினும் அது பேச்சாக இருந்தது. சொல்வதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு பொருள் இருந்தது. கேட்பதற்குப் பக்கத்து இருக்கையில் அதை அறியாத ஒருவர் இருந்தார். ஒரு மொழி வகுப்புக்கு இவ்விரண்டைவிட வேறென்ன மூலதனம் வேண்டும்?

பண்பாடுகளுக்கிடையிலான புரிதல் என்று கல்வியாளர்கள் இந்நாளில் பெயரிட்டுப் பேசும் பொருள் இதுதான். இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பைரம் என்பவர் 1997இல் எழுதிய நூலில், அந்நிய மொழி கற்பவன் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவனைப்போல் ஆகிவிட வேண்டும் என்ற பழைய இலட்சியத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு சமூகங்களுக்கு நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றுக்கு விளங்கவைக்கும் ஆற்றலே கற்றலின் பயன் என்று வாதித்தார். அதற்கு அறிவு மட்டும் போதாது, பிறர் வழக்கத்தை உடனே தீர்ப்பிடாமல் பொறுத்துப் பார்க்கும் மனோபாவமும், தன் வழக்கமே இயற்கை என்ற எண்ணத்தைத் தற்காலிகமாகவேனும் விலக்கி வைக்கும் பக்குவமும் வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். அந்தக் கிளந்தான் யுவதி அந்நூலைப் படித்திருந்தாரோ என்னவோ, அதன் உட்பொருளை நாற்பது நிமிடங்களில் நடத்திக் காட்டினார். ஆனால் அது ஒரு திகைப்பினால் தற்செயலாக நேர்ந்த பாடம். ஆசிரியப் பயிற்சி அத்தகைய பாடங்களைத் தற்செயலுக்கு விட்டுவிடலாகாது என்பதே என் அபிப்பிராயம்.

நம் நாட்டில் ஆங்கிலக் கல்வியைச் சீர்திருத்தும் பொருட்டு 2015 முதல் 2025 வரைக்கும் ஒரு திட்டம் வகுக்கப்பட்டு, ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித் தரநிலைச் சட்டகம் நம் பள்ளிகளுக்கும் அளவுகோலாக ஏற்கப்பட்டது. 2018இல் அயல்நாட்டுப் பதிப்பகங்களின் பாடநூல்கள் கீழ்வகுப்புகளில் புகுந்தபோது, பனிப்பொழிவையும் இலையுதிர் காலத்தையும் நம் பிள்ளைகள் எங்ஙனம் அறிவார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் ஆட்சேபித்தது பலருக்கு நினைவிருக்கலாம். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. எனினும் விவாதம் முழுவதும் புத்தகத்தைச் சுற்றியே சுழன்றதேயன்றி, அதைக் கையில் ஏந்தி வகுப்பினுள் நுழையும் ஆசிரியரைப் பற்றி எழவில்லை என்பதே என் குறை. பனியைப் பற்றிய பாடத்தை, டுரியான் பருவத்தையும் வடகிழக்குப் பருவக்காற்றுக் கொண்டுவரும் வெள்ளத்தையும் பிள்ளைகள் வாயால் சொல்லவைத்து, காலத்தை ஒவ்வொரு சமூகமும் எதைக் கொண்டு எண்ணுகிறது என்ற வினாவாக மாற்றத் தெரிந்த ஆசிரியருக்கு எந்தப் புத்தகமும் அந்நியமன்று. தெரியாத ஆசிரியருக்கு உள்ளூரில் அச்சான புத்தகமும் வெறும் எழுத்துக் கூட்டந்தான். அதே ஐரோப்பிய மன்றம் 2020இல் வெளியிட்ட துணைத்தொகுதியில், தாய்மொழியாளரை முன்மாதிரியாக நிறுத்திய சொற்களை நீக்கிவிட்டு, பல பண்பாடுகளை உள்வாங்கி அவற்றுக்கிடையே இணக்கம் உண்டாக்கும் திறனுக்கும் தரநிலைகள் வகுத்திருக்கிறது. அளவுகோலை இரவல் வாங்கிய நாம் அந்தப் பகுதியையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

ஆனால் ஐரோப்பாவிடம் போய்த்தான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. நம் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. சுதந்திரத்திற்கு முந்தைய ஆண்டுகளில் ஆங்கிலப் பள்ளிகளுக்கு ஆசிரியர் போதாமையால், லிவர்பூல் நகருக்கு அருகில் கிர்க்பி என்னும் ஊரில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது வெடிமருந்துத் தொழிற்சாலைப் பணியாளருக்காகக் கட்டப்பட்ட விடுதிக் கூடங்களே அக்கல்லூரியின் கட்டடங்கள். 1952 முதல் 1962 வரை, மலாய், சீன, இந்திய, யுரேஷிய இளைஞர்களும் யுவதிகளும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், தலைக்கு இரண்டாண்டுகள், அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து பயின்று திரும்பினார்கள். 1956 பிப்ரவரி 7ஆம் நாள், இலண்டன் பேச்சுவார்த்தையை முடித்த கையோடு துங்கு அப்துல் ரஹ்மான் அந்த மாணவர்கள் முன்னிலையில்தான் நாட்டின் சுதந்திர நாளை அறிவித்தார். அரண்மனையிலும் சட்டமன்றத்திலும் அல்லாமல் ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கூடிய மண்டபத்தில் அச்செய்தி முதன்முதல் ஒலித்ததை எண்ணும்போது, ஆசிரியராகப் பயின்ற எவருக்கும் நெஞ்சு நிமிராமல் இராது.

கிர்க்பியில் அவர்கள் ஆங்கிலேயரின் பண்பாட்டைக் கற்றார்கள் என்று பொதுவாகச் சொல்வர். அது உண்மைதான், ஆனால் அதைவிட மேலான கல்வி ஒன்றும் அங்கே அவர்களுக்குக் கிட்டியது என்று நான் கருதுகிறேன். கிள்ளானிலும் ஈப்போவிலும் பினாங்கிலும் அடுத்தடுத்த தெருக்களில் வளர்ந்தும் ஒருவர் வீட்டு அடுப்பங்கரையை மற்றவர் பார்த்திராத பிள்ளைகள், கடல் கடந்து ஏழாயிரம் மைல் சென்ற பிறகுதான், ஒருவர் நோன்பிருக்கும்போது மற்றவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையும், ஒருவர் உண்ணாத இறைச்சியை மற்றவர் எங்கே வைத்துச் சமைக்க வேண்டும் என்பதையும், இழவுச் செய்தி வந்த தோழனுக்கு அவன் மரபுப்படி எங்ஙனம் ஆறுதல் சொல்ல வேண்டும் என்பதையும் நாள்தோறும் பழகி அறிய நேர்ந்தது. உடன் உண்டு, உடன் உறங்கி, குளிருக்கு உடன் நடுங்கி வந்த அறிவு அது, விரிவுரையால் வருவதன்று. அந்தத் தலைமுறையைச் சேர்ந்த ஆசிரியர்களிடம் பயின்றவர்கள் இன்றும் அவர்களைப் பற்றிப் பேசும்போது, ஆங்கிலத்தை மட்டுமல்லாமல் அவர்கள் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வாஞ்சையோடு நடத்தியதையும் சேர்த்தே சொல்வதை நான் கேட்டிருக்கிறேன்.

இன்று நிலைமை என்ன? சீனக் குடும்பத்துப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் சீனப்பள்ளிக்கும், நம் பிள்ளைகளுள் கணிசமானோர் தமிழ்ப்பள்ளிக்கும், மலாய்ப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் தேசியப் பள்ளிக்கும் செல்கின்றனர். தாய்மொழிக் கல்வியை நான் குறைகூறுகிறேன் என்று யாரும் கருத வேண்டாம். 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கிய நாள் முதல் நம் முன்னோர் கண்போல் காத்த செல்வம் அது. என் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில்தான் படித்தார்கள். எனினும் அதன் விளைவாக, பதினெட்டு வயதில் ஆசிரியப் பயிற்சிக்கு வரும் ஒருவர் பிற இனத்தாரோடு நெருங்கிப் பழகிய காலம் சொற்பமாகவே இருக்கிறது. பயிற்சியிலும், தொடக்கப்பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் தமிழ்ப்பள்ளிக்கென்றும் சீனப்பள்ளிக்கென்றும் தேசியப் பள்ளிக்கென்றும் பெரும்பாலும் முதலிலேயே வகுக்கப்பட்டுவிடுகின்றனர். நான்காண்டுப் பட்டப்படிப்பும் பள்ளிப் பயிற்சியும் முடித்து வெளிவரும்போது, தாம் படித்ததைப் போன்ற பள்ளிக்கே திரும்புகிறவர்கள் பலர். இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் பல்கலைக்கழகத் தொடர்பின் வழியே அனுப்பப்பட்டுச் சில ஆண்டுகள் பயின்று வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேறு பெற்றவர்கள். ஆனால் எல்லாரையும் அனுப்ப அரசாங்கத்திடம் பணம் இராது, அனுப்பியும் பயன் பாதிதான்; வெலிங்டன் நகரத்தின் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொண்டு, தம் வகுப்பிலுள்ள பிள்ளையின் வீட்டில் நடப்பதை அறியாதிருப்பவர் எப்படி ஆங்கில ஆசிரியராவார்?

பண்பாட்டுப் புரிதல் என்றவுடன் பள்ளிகளில் நடப்பது பெரும்பாலும் விழாதான். தீபாவளிக்கு முறுக்கும், சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சும், நோன்புப் பெருநாளுக்கு ரெண்டாங்கும் பரிமாறி, அன்றைக்கு எல்லாரும் எல்லாருடைய உடையையும் அணிந்து புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் அன்பு இருக்கிறது, நான் அதை எள்ளளவும் இகழவில்லை. ஆயினும் பலகாரத்தை அறிவது வேறு, அதைச் சுட்டுத் தந்தவரை அறிவது வேறு. அன்றாட வாழ்வில் யாரும் விழாவென்று கருதாத சிறு செயல்களில்தான் பண்பாடு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஓர் உதாரணம்: தெருவில் தெரிந்தவரைக் கண்டால் தமிழர் 'சாப்பிட்டாச்சா' என்கிறோம், மலாய்க்காரரும் 'சுடா மாக்கான்' என்கிறார், சீனரும் தம் மொழியில் அதையே வினவுவர். மூன்று சமூகத்தாருக்கும் இது குசலப் பிரச்னமேயன்றி உணவுக்கு அழைப்பன்று. இந்த வழக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்து ஒரு வெள்ளையரிடம் நம் பிள்ளை கேட்டால், அவர் விருந்துக்கு அழைக்கப்பட்டதாக மயங்கக்கூடும். இதைப் பிழை என்று சிவப்பு மையால் அடித்துவிடும் ஆசிரியர், பாடத்தின் மிகச் சுவையான பகுதியை அழித்துவிடுகிறார். ஏன் நாம் மூவரும் உணவைக் கேட்கிறோம், ஆங்கிலேயர் ஏன் நலத்தைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக்கூட நில்லாமல் நடக்கிறார்கள் என்று வகுப்பில் பேசவைத்தால், பிள்ளைகள் ஆங்கில வாழ்த்துமுறையையும் மறக்கமாட்டார்கள், தங்களுக்குள் உள்ள ஒற்றுமையையும் அன்று முதன்முறையாகக் கண்டுகொள்வார்கள்.

என் வாழ்விலும் ஒரு பிழை உண்டு. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத எனக்கு அருகதையில்லை. நான் பயிற்சி ஆசிரியனாக இருந்த காலத்தில், பேசுகிறவரின் கண்களை நேராகப் பார்ப்பதே நேர்மையின் அடையாளம் என்று ஆங்கிலப் பேச்சுக் கலை பற்றிய விரிவுரையில் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அதை வேதவாக்காகக் கொண்டு முதல் வகுப்பினுள் நுழைந்த நான், நான் கேட்ட கேள்விக்குத் தலையைக் குனிந்தபடி பதில் சொன்ன ஒரு மலாய்ச் சிறுவனை, என் முகத்தைப் பார்த்துப் பேசு என்று மூன்று முறை அதட்டினேன். அவன் மேலும் குனிந்தான்; பின்பு அந்தப் பருவம் முழுவதும் என் வகுப்பில் வாயே திறக்கவில்லை. பெரியவர்முன் பார்வையைத் தாழ்த்துவது அவன் வீட்டார் அவனுக்கு ஊட்டிய மரியாதை என்பதை எனக்கு அந்தப் பள்ளியின் முதிய உஸ்தாஸ் ஒருவர், கடிந்துகொள்ளாமல், தேநீர் வேளையில் எடுத்துச் சொன்னார். என்னை இன்றும் வருத்துவது, அவன் பண்பாட்டை நான் அறியாதிருந்தது மட்டுமன்று. என் தகப்பனாரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நானும் ஒருநாளும் பேசியதில்லையே, அதை அந்த வகுப்பறையில் எப்படி மறந்தேன் என்பதுதான். அந்நிய மொழியைக் கற்பிக்கப் புகுந்தவுடன் என் வீட்டையே வாசலில் கழற்றி வைத்துவிட்டேன். பிறரை அறியாமையும் தன்னை மறத்தலும் வெவ்வேறு குறைகள் அல்ல என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இதற்கு நேர்மாறான அச்சமும் நம்மவரிடையே உண்டு. பிறர் பழக்கவழக்கங்களில் மிகுதியாக ஈடுபட்டால் நம் பிள்ளைகள் தமிழை இழந்துவிடுவார்களோ என்று பெற்றோர் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே எழுத்தர்களாகக் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழரின் பின்னணியை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் ஆங்கிலத்தோடு தமிழும் கற்பிக்கப்பட்டது. அங்கே பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளைதான் பின்னர்க் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். இங்கே நம் ரவாங்கிலேயே சான்று உண்டு. 1890களின் நடுவில் இவ்வூர் ஈயச் சுரங்கத்தில் மலாயாவிலேயே முதன்முதலாக மின்சாரத்தைப் பயன்படுத்தியவர்கள் லோக் இயூ என்ற சீனரும் கா. தம்புசாமி பிள்ளை என்ற தமிழருமாகிய கூட்டாளிகள். சிங்கப்பூரில் ஆங்கிலக் கல்வி பெற்ற அத்தம்புசாமி பிள்ளைதான் 1891இல் பத்துமலையில் முருகனுக்கு வழிபாட்டிடம் அமைத்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அதே லோக் இயூவோடு கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தின் முதல் அறங்காவலருள் ஒருவராகவும் அமர்ந்தார். வேரூன்றி நின்றவர்களுக்குத்தான் பிறரோடு கைகோக்க முடிந்தது.

ஆகவே, பயிற்சிக் கல்லூரிகளை நடத்துவோர்க்கும் கல்வி அமைச்சுக்கும் என் விண்ணப்பம் ஒன்றே: ஆங்கிலம் கற்பிக்கப் பயிலும் ஒவ்வொருவரும், தாம் படிக்காத வகைப் பள்ளியில் ஒரு மாதமாவது பயிற்சி பெற வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளை சீனப்பள்ளிக்கும், சீனப்பள்ளிப் பிள்ளை தேசியப் பள்ளிக்கும், மலாய்ப் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்கும் செல்லட்டும். ரவாங்கிற்கு வடக்கே உலு சிலாங்கூரில் தெமுவான் பூர்வகுடிப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளுக்கும் சிலர் செல்லட்டும். அந்த மாதத்தில் பாடம் நடத்துவதைவிடக் கவனிப்பதே முதற்கடமையாக இருக்கட்டும். பிள்ளைகள் ஆசிரியரை எவ்வாறு விளிக்கிறார்கள், தண்டனையை எவ்வாறு ஏற்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்கு மௌனமாகிறார்கள் என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, அதற்குத் தாம் முதலில் கொண்ட விளக்கத்தையும், அப்பள்ளி ஆசிரியரிடம் கேட்டறிந்த விளக்கத்தையும் அருகருகே பதிந்து வர வேண்டும். அந்த இரண்டு பத்திகளுக்கும் இடையிலுள்ள தூரம் மாதக் கடைசியில் குறைந்திருந்தால் அதுவே மதிப்பெண். அந்தப் பள்ளியின் மொழியில் நூறு வாக்கியங்களாவது பேசக் கற்கட்டும். பேசத் தடுமாறும் மாணவனின் அவஸ்தையை ஆசிரியர் அறிய அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பிழையில்லாமல் எழுதவே பிள்ளைகள் தடுமாறும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று பணியிலிருக்கும் என் நண்பர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அவர்களுடைய பளுவை நான் அறிவேன். ஆனால் அந்த நான்கு வாக்கியங்களும் ஏன் வருவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். குடும்பப் பெயர்ப் பாடத்தன்று பேசிய பிள்ளைகள் அதற்கு முந்தைய வாரம் வரை ஊமைகளாக இருந்தவர்கள்தாம்; இடைப்பட்ட நாட்களில் அவர்களுடைய இலக்கண அறிவு வளர்ந்துவிடவில்லை.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டால் தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும் தேசியப் பள்ளியும் ஒரே பட்டணத்திற்குள் இருக்கின்றன. தஞ்சோங் மாலிமிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை செல்லும் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. தங்குமிடம் மட்டுமே பிரச்னை. விடுதியைவிட வீடே உத்தமம். காலையில் அந்த வீட்டார் எழுந்து முதலில் செய்வது என்ன என்பதைப் பார்ப்பதும் பயிற்சியின் பகுதிதானே. ரவாங்கில் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் சென்றுவிட, அறைகள் வெறுமையாகக் கிடக்கும் வீடுகள் எல்லாச் சமூகத்தாரிடமும் உள்ளன. என் வீட்டில் மாடியில் ஓர் அறை இருக்கிறது. எங்கள் சமையலில் மாட்டிறைச்சி இல்லை, பன்றி இறைச்சியும் இல்லை, தொழுகைக்கு மேற்கு நோக்கிய சன்னலோரம் இடம் ஒழித்துத் தர முடியும். அடுத்த பள்ளித் தவணைக்கு முன் எந்தக் கல்லூரி கேட்டாலும், கிளந்தானிலிருந்தோ சரவாக்கிலிருந்தோ வரும் ஒரு பிள்ளையை அங்கே தங்கவைக்க என் மனைவியும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம்.